வராதவர் கணக்கு: டாஷ்போர்டுக்கு ஒரு சிற்றிலக்கணம்

பவணந்தி முனிவர் நன்னூலை 13-ஆம் நூற்றாண்டில் இயற்றினார். எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் சொல்லப் புகும் முன், நூல் எப்படி இருக்க வேண்டும், அதைச் சொல்பவரும் கேட்பவரும் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று பொதுப்பாயிரத்தில் வகுத்தார். நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களும் அங்கேதான் பெயர் சொல்லி எண்ணப்படுகின்றன. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல், நின்று பயனின்மை என்று தமிழ் படித்தவர்கள் பலரும் வகுப்பறையிலேயே கேட்ட பெயர்கள் அவை. அவற்றில் சிலவற்றை ஆரம்ப சுகாதார நிலையங்களின் டாஷ்போர்டுக்குப் பொருத்திப் பார்ப்பது இந்தச் சிற்றிலக்கணத்தின் நோக்கம். பொருத்தம் வலிந்து கொண்டதன்று. ஒரு வட்டாரத்து மக்களின் உடல்நிலையை ஒரே பக்கத்தில் சொல்ல முற்படுவதும் நூலே. அதற்கு ஆசிரியர் இருக்கிறார், படிப்பவர் இருக்கிறார், சொல்லப்படாமல் விடுபட்டவர்களும் இருக்கிறார்கள். விடுபட்டவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

முதலில் பொருளை வரையறுத்துக்கொள்வோம். யார் வந்தார், பிரஷர் எவ்வளவு, சுகர் எவ்வளவு, எந்த மாத்திரை எத்தனை நாளுக்குக் கொடுக்கப்பட்டது என்று செவிலியர் பதிவதைத் தொகுத்து, விழுக்காடாகவும் கோடாகவும் வண்ணமாகவும் காட்டும் திரைக்கு டாஷ்போர்டு என்று பெயர். அது தொட்டால் விரிய வேண்டும். மாவட்டத்தைத் தொட்டால் வட்டாரம் தெரிய வேண்டும், வட்டாரத்தைத் தொட்டால் நிலையம் தெரிய வேண்டும், நிலையத்துக்குள் இறங்கினால் அங்கே வேலை செய்பவருக்கு ஆட்களின் பெயர் தெரிய வேண்டும். சுவரில் மாட்டிய மாதாந்திர அட்டவணையிலிருந்து இதைப் பிரிப்பது இந்த விரிதல்தான். விழுக்காட்டிலிருந்து பெயருக்கு இறங்க வழியில்லாத திரையை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், டாஷ்போர்டு என்று நான் ஒப்புவதில்லை.

இதன் முன்னோர்கள் கணினிக்காரர்கள் அல்லர், கிராமத்து டாக்டர்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எய்ஸ்கார்த் என்ற ஊரில் வைத்தியம் பார்த்த வில்லியம் பிக்கிள்ஸ், தம் பொறுப்பிலிருந்த கிராமங்களில் எந்த ஊரில் எந்த நாளில் எந்தத் தொற்று வந்தது என்று ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தார். அந்த வரைபடங்களைப் பேணுவதில் அவருடைய மனைவிக்கும் மகளுக்கும் பங்கு உண்டு. யாரை யார் எப்போது சந்தித்தார் என்பது ஊருக்குத் தெரியும், டாக்டருக்கும் தெரியும். ஆகவே மஞ்சள் காமாலைக்கு அடைகாலம் எவ்வளவு என்று அவரால் கணக்கிட முடிந்தது. 1939இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார்.

இன்னொருவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். 1961இல் வேல்ஸின் கிளின்கோரக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்துக்கு டாக்டராகப் போனார். ஏறக்குறைய 2,000 பேர் வாழ்ந்த ஊர். உடம்புக்கு முடியாமல் வந்தவரைப் பார்த்து அனுப்புவதோடு அவர் நிற்கவில்லை. வராதவரையும் தேடிப் பிடித்து, ஊரில் வேலை செய்யும் வயதில் இருந்த ஏறக்குறைய எல்லோரின் ரத்த அழுத்தத்தையும் அளந்தார். அந்த அனுபவத்தை 1970இல் லான்செட் இதழில் எழுதினார். அடுத்த ஆண்டு அதே இதழில், மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்ற தம் புகழ்பெற்ற விதியை முன்வைத்தார். 25 ஆண்டு உழைப்பின் கணக்கு 1991இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. பக்கத்து ஊரோடு ஒப்பிட்டால் கிளின்கோரக்கில் அகால மரணம் 28% குறைவு. இத்தனைக்கும் அவர் கையில் இருந்தது காகிதக் கோப்பும் பென்சிலும். ஆனால் அவருடைய கோப்பில் ஊர் முழுவதும் இருந்தது. வந்தவர் மட்டும் இல்லை.

இந்த இடத்தில் முதற் குற்றத்துக்கு வருவோம். குன்றக் கூறல்: சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது. டாஷ்போர்டுக்கு நேரும் குற்றங்களில் இதுவே பெரிது. இதை விரிவாகச் சொல்வதற்கு ஒரு கணக்கைக் கற்பித்துக்கொள்வோம்.

ஒரு நிலையத்தில் பிரஷருக்குச் சிகிச்சை பெறுவதாக 400 பேர் பதிந்திருக்கிறார்கள். கடந்த மூன்று மாதத்தில் 220 பேர் வந்தார்கள். அவர்களில் 160 பேருக்கு அளவு 140/90க்குக் கீழே இருந்தது. இப்போது கேள்வி: இந்த நிலையத்தில் எத்தனை விழுக்காட்டினருக்குப் பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது? வந்தவர்களை மட்டும் வைத்து வகுத்தால் 73%. ரிவியூ மீட்டிங்கில் கைதட்டு வாங்கிவிடலாம். பதிந்தவர் எல்லோரையும் வைத்து வகுத்தால் 40%. இரண்டு விடையிலும் கூட்டல் கழித்தல் பிழை கிடையாது. பின்னத்தில் கோட்டுக்குக் கீழே யாரை வைத்தோம் என்பதுதான் வேறுபாடு. வராத 180 பேர் முதல் கணக்கில் நோயாளிகளாகவே இல்லை. மாத்திரை நிறுத்தியவர், வேலை தேடித் திருப்பூருக்குப் போனவர், மகள் பிரசவத்துக்குப் போய்த் திரும்பாதவர், போன தடவை வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று வெறுத்தவர் எல்லோரும் அந்த 180க்குள் இருக்கிறார்கள். பக்கவாதம் வந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படும் ஆபத்தும் அவர்களில்தான் திரண்டிருக்கிறது. வந்தவர்களை மட்டும் எண்ணும் திரை, நிலையம் எவ்வளவு பேரை இழக்கிறதோ அவ்வளவுக்குத் தன்னை மெச்சிக்கொள்ளும். கட்டுப்படாதவர்கள் சலித்துப்போய் வருவதை நிறுத்த நிறுத்த, விழுக்காடு ஏறும்.

இந்தக் குற்றத்தை முன்கூட்டியே எண்ணிப்பார்த்துக் கட்டிய டாஷ்போர்டு ஒன்று இந்தியாவில் இருக்கிறது. மத்திய சுகாதார அமைச்சகமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசுகளும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2017 நவம்பரில் உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. பஞ்சாப், கேரளம், மத்தியப் பிரதேசம், தெலங்கானா, மகாராஷ்டிரம் ஆகிய ஐந்து மாநிலங்களில் சில மாவட்டங்களே முதற்கட்டம். பஞ்சாப், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களில் அதற்குப் பதிவேடாக 2018 முதல் சிம்பிள் என்ற செயலி பயன்பட்டது. நோயாளியின் கையில் ஒரு சிறு அட்டை, அதில் கியூஆர் குறியீடு. செவிலியர் அதைப் போனில் ஸ்கேன் செய்கிறார், பிரஷரைப் பதிகிறார், மாத்திரையைக் குறிக்கிறார், அடுத்த தேதியைக் கொடுக்கிறார். மறுமுறை வருபவருக்கு இத்தனையும் அரை நிமிட வேலை. கூட்டமாக இருக்கும் ஓ.பி.யில் அரை நிமிடத்துக்கு மேல் கேட்கும் எந்தப் பதிவும் மாலையில் நினைவிலிருந்து நிரப்பப்படும் பதிவாகிவிடும் என்பதை அதைச் செய்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

அந்த டாஷ்போர்டின் இலக்கணம் கவனமாகப் படிக்கத்தக்கது. நிலையத்தின் பொறுப்பில் உள்ளவர்களை மூன்று வண்ணமாகப் பிரிக்கிறது. கடந்த மூன்று மாதத்தில் வந்து, கடைசி அளவு 140/90க்குக் கீழே இருந்தவர்கள் பச்சை. வந்தும் கட்டுப்படாதவர்கள் சிவப்பு. மூன்று மாதமாக வராதவர்கள் நீலம். மூன்றும் சேர்ந்தால்தான் நூறு. புதிதாகப் பதிந்தவர்கள் மூன்று மாதம் வரை கணக்கில் சேர்வதில்லை, ஏனென்றால் மாத்திரை வேலை செய்வதற்கு அவகாசம் வேண்டும். நம் கற்பனை நிலையம் இங்கே 40 பச்சை, 15 சிவப்பு, 45 நீலம் என்று தெரியும். பார்த்த உடனே எங்கே கைவைக்க வேண்டும் என்பது விளங்கும். சிவப்புக்கு மருந்து உயர்த்த வேண்டும், அது டாக்டர் வேலை. நீலத்துக்குப் போன் செய்ய வேண்டும், அதற்கு டாக்டர் தேவையில்லை. பெரும்பாலான நிலையங்களில் நீலம்தான் சிவப்பைவிடப் பெரிது என்பதை, இப்படிப் பிரித்துக் காட்டாத வரை யாரும் உணர்வதில்லை. மருந்து சரியில்லை, மக்கள் உப்பு குறைப்பதில்லை என்று பேசிக்கொண்டிருப்போம்.

இதிலும் ஒரு இடம் எனக்கு உறுத்துகிறது. 12 மாதமாக ஒருமுறைகூட வராதவர் தொடர்பற்றுப் போனவர் என்று தனியாக வைக்கப்படுகிறார். வழக்கமான விழுக்காட்டில் அவர் கோட்டுக்குக் கீழே இருப்பதில்லை. அவரையும் சேர்த்துக் காட்டச் சொல்லும் ஒரு தேர்வு திரையில் இருக்கிறது, அதை அழுத்த வேண்டும். இதற்கு நியாயம் உண்டு. இறந்தவரையும் ஊர் மாறியவரையும் காலமெல்லாம் சுமந்தால் எந்த நிலையமும் மேலே வர முடியாது. ஆனாலும் பதிமூன்றாவது மாதத்தில் ஒருவர் கணக்கிலிருந்து நழுவும்போது விழுக்காடு சற்றே உயர்கிறது. அந்த உயர்வுக்காக யாரும் எதுவும் செய்யவில்லை. மாவட்ட அதிகாரி இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் துணிபு.

நீலத்துக்குள் இறங்கினால் பட்டியல் வரும். தேதி தவறியவர்களின் பெயர், ஊர், கடைசி அளவு, போன் எண். செவிலியர் அழைக்கிறார். அழைப்பு முடிந்ததும் மூன்றில் ஒன்றைக் குறிக்கிறார்: வருவதாகச் சொன்னார், பிறகு நினைவூட்ட வேண்டும், பட்டியலிலிருந்து நீக்கலாம். நீக்குவதானால் காரணம் சொல்ல வேண்டும். உரையாடல் இப்படித்தான் இருக்கும்:

“அம்மா, பி.எச்.சி.யிலருந்து சிஸ்டர் பேசுறேன். மூணு மாசமா வரலையே, மாத்திரை இருக்கா?”

“எல்லாம் நல்லாதான் இருக்கு சிஸ்டர். நார்மலா இருக்குன்னு அன்னைக்கு நீங்கதான சொன்னீங்க, அதான் நிறுத்திட்டேன்.”

“மாத்திரை சாப்பிட்டதாலதாம்மா நார்மலா இருந்துச்சு. வியாழக்கிழமை வாங்க, சீட்டு போட நிக்க வேணாம், நேரா எங்கிட்ட வாங்க.”

சீட்டு போட நிற்க வேண்டாம் என்ற கடைசி வாக்கியத்தில்தான் சிகிச்சை இருக்கிறது. அதைச் சொல்லும் அதிகாரம் அந்தச் செவிலியருக்கு இருக்க வேண்டும், அழைப்பதற்கு நேரம் இருக்க வேண்டும், அழைக்கும் போனுக்கு நிலையம் பணம் கட்ட வேண்டும். இம்மூன்றையும் எந்தத் திரையும் தராது. பட்டியலைத் தந்துவிட்டு இவற்றைத் தராத நிர்வாகம், செவிலியரின் குற்ற உணர்ச்சியை மட்டும் கூட்டுகிறது. பெயர்ப் பட்டியல் அந்த நிலையத்துக்கு மட்டும் தெரிய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மாவட்டத்துக்கு எண் போதும். யாருக்குச் சுகர், யாருக்குப் பிரஷர் என்பது மேலே போகப் போக மங்கிக்கொண்டே போக வேண்டும்.

குன்றக் கூறலுக்கு இன்னொரு ஆழமும் உண்டு. பதிவேட்டில் ஏறாதவரை எந்த டாஷ்போர்டும் அறியாது. 2017-18இல் நாடு முழுவதும் 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களிடம் எடுத்த தொற்றாநோய்க் கணக்கெடுப்பில், ரத்த அழுத்தம் மிகுந்தவர்களில் 27.9% பேருக்கே அது தமக்கு இருப்பது தெரிந்திருந்தது. 14.5% பேர் சிகிச்சையில் இருந்தார்கள். 12.6% பேருக்குக் கட்டுக்குள் இருந்தது. மருத்துவ நூல்களில் பாதிகளின் விதி என்று ஒன்று உண்டு: நோயாளிகளில் பாதிப் பேருக்குத் தெரியும், தெரிந்தவரில் பாதிப் பேர் சிகிச்சை பெறுவர், அவர்களில் பாதிப் பேருக்குக் கட்டுப்படும். மொத்தத்தில் எட்டில் ஒன்று, அதாவது 12.5%. நம் கணக்கெடுப்பு ஏறக்குறைய அதே இடத்தில் வந்து நின்றாலும் வழி வேறு. சிகிச்சைக்குள் வந்தவரில் பெரும்பாலோருக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. அறியாமல் இருப்பதும், அறிந்தும் தொடங்காமல் இருப்பதுமே பெரிய ஓட்டைகள். தமிழ்நாட்டில் 2020இல் எடுத்த கணக்கெடுப்பு கட்டுப்பாட்டு விகிதத்தை 7.3% என்று காட்டியது. நிலையத்துத் திரையில் 60% பச்சை தெரியும் அதே ஊரில், வீடு வீடாகக் கேட்டால் பத்தில் ஒருவருக்குக்கூடக் கட்டுக்குள் இல்லாமல் இருக்கலாம். இரண்டும் உண்மை. ஆகவே சில ஆண்டுக்கு ஒருமுறை வீட்டு வாசலில் எடுக்கும் கணக்கெடுப்பு டாஷ்போர்டுக்கு உரைகல்லாக இருக்க வேண்டும். கணினி வந்துவிட்டது, இனி கணக்கெடுப்பு எதற்கு என்று கேட்பவர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

மிகைபடக் கூறலுக்கு பிரிட்டன் சான்று. 2004இல் அங்கே குடும்ப டாக்டர்களுக்குத் தரத்தின் அடிப்படையில் பணம் கொடுக்கும் திட்டம் வந்தது. 146 அளவுகோல்கள், மொத்தம் 1,050 புள்ளிகள், புள்ளிக்கு இவ்வளவு என்று பணம். நோக்கம் நல்லது. தொடக்கத்தில் ஆஸ்துமா, நீரிழிவுச் சிகிச்சை வேகமாகவே மேம்பட்டது. ஆனால் 2009இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு, சில ஆண்டிலேயே அந்த வேகம் தணிந்ததையும், புள்ளி இல்லாத பணிகளின் தரம் சரிந்ததையும் காட்டியது. டாக்டரின் கண் நோயாளியின் முகத்திலிருந்து திரையின் மூலையில் மின்னும் நினைவூட்டலுக்குப் போயிற்று. ரத்த அழுத்தத்துக்கு அங்கே வைத்த எல்லை 150/90. திட்டம் வந்த பிறகு பதிவுகளில் 150க்குச் சற்றுக் கீழே அளவுகள் குவிந்தன, சற்று மேலே குறைந்தன. மனித உடம்பில் அப்படி ஒரு பள்ளம் கிடையாது. முதல் அளவு 152 என்றால் மறுபடி அளந்து பார்ப்பதும், 148 வந்தால் அதை எழுதுவதும் பொய்யன்று. ஆனால் முதல் அளவு 148 வந்தவருக்கு யாரும் மறுபடி அளப்பதில்லை. ஸ்காட்லாந்து 2016இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. இங்கிலாந்தில் 2014இல் சில அளவுகோல்களுக்குப் பணத்தை நிறுத்தியபோது, அந்தப் பணிகளின் பதிவு உடனடியாகக் குறைந்தது. பணம் பெற்றுத் தந்தது சிகிச்சையா, பதிவா என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான விடை கிடைக்காது.

பிரஷர் அளவு பூஜ்ஜியத்தில் முடியும் பழக்கம் நம் பதிவேடுகளிலும் உண்டு. 130/80, 140/90, 120/80 என்று பக்கம் பக்கமாக ஓடும். பாதரசக் கருவியில் கண்ணளவாகப் பார்ப்பவர் பத்தின் மடங்கில் நிறுத்துவது இயல்பு. டிஜிட்டல் கருவி கொடுத்தால் பெரிதும் சரியாகிவிடும். ஆகவே டாஷ்போர்டு கட்டுபவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று: கட்டுப்பாட்டு விகிதத்துக்குப் பக்கத்தில், பூஜ்ஜியத்தில் முடியும் அளவுகள் எத்தனை விழுக்காடு என்றும் ஒரு சிறு எண் காட்டுங்கள். நேர்மையாக அளந்தால் இரட்டைப்படை இலக்கம் மட்டும் காட்டும் கருவியில் ஐந்தில் ஒன்றுதான் பூஜ்ஜியத்தில் முடிய வேண்டும். பாதிக்கு மேல் முடிந்தால் அந்த நிலையத்துக்குக் கடிந்துரைக் கடிதம் அனுப்பத் தேவையில்லை, நல்ல கருவி ஒன்றை அனுப்பினால் போதும்.

மயங்க வைத்தல் சிறிய எண்களில் நிகழ்கிறது. ஒரு துணை சுகாதார நிலையத்தில் 25 பேர் சிகிச்சையில் இருக்கிறார்கள் என்றால் ஒருவர் என்பது 4%. போன மாதம் 60, இந்த மாதம் 52 என்று திரையில் அம்புக்குறி கீழே காட்டும். நடந்தது என்ன? 15 பேர் இருந்த இடத்தில் 13 பேர். ஒருவர் திருவிழாவுக்குப் போயிருப்பார், இன்னொருவருக்கு அன்று தூக்கம் இல்லாமல் அளவு ஏறியிருக்கும். அதற்காகக் கிராம சுகாதார செவிலியர் வீடியோ கான்ஃபரன்சில் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. வால்டர் ஷூவார்ட் என்ற இயற்பியலர் 1924இலேயே தொழிற்சாலை உற்பத்திக்கு இதைத் தீர்த்துவைத்தார். எந்த எண்ணும் தானாகவே ஓரளவு ஏறி இறங்கும். அந்த இயல்பான அலைவுக்கு மேல் ஒரு கோடு, கீழ் ஒரு கோடு கணக்கிட்டு வரையுங்கள். கோட்டுக்குள் அலைந்தால் தனிக் காரணம் தேடாதீர்கள், கோட்டைத் தாண்டினால் தேடுங்கள். டேவிட் ஸ்பீகல்ஹால்டர் 2005இல் மருத்துவமனைகளை ஒப்பிட இதையே புனல் வடிவத்தில் வரைந்து காட்டினார்: சிறிய நிலையத்துக்கு அகன்ற எல்லை, பெரியதற்குக் குறுகிய எல்லை. நூறாண்டுக்கு முன் கிடைத்த அறிவு இன்னும் பல திரைகளுக்கு வந்து சேரவில்லை. முதலிடம், கடைசியிடம் என்று நிலையங்களை வரிசைப்படுத்தி வண்ணம் பூசுவது தொடர்கிறது. சிறிய நிலையங்களே மாறி மாறி இரண்டு முனையிலும் வரும், ஏனென்றால் அவற்றின் எண்ணே அதிகம் அலைகிறது. வரிசைப் பட்டியலைத் திரையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

இனி நின்று பயனின்மை. சொற்கள் இருந்தும் பொருட்பயன் இல்லாமல் நிற்பது. டாஷ்போர்டால் பயன் உண்டா என்று கேட்டால் ஆராய்ச்சி நேரான விடை தருகிறது. டாக்டர்களுக்கு அவர்களுடைய செயல்பாட்டை அளந்து காட்டினால் என்ன நேர்கிறது என்று பார்த்த 140 ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2012இல் தொகுத்தது. சரியான சிகிச்சையைப் பின்பற்றுவது நடுத்தரமாக 4.3 விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்திருந்தது. இதைக் கேட்டு, இவ்வளவுதானா என்று சோர்பவர்கள் அந்த ஆய்வின் அடுத்த வரியைப் படிக்க வேண்டும். ஆய்வுகளின் நடுப் பாதி 0.5 முதல் 16 வரை பரவியிருந்தது. சில இடங்களில் ஒன்றுமே நடக்கவில்லை, சில இடங்களில் பெரிய மாற்றம். எங்கே நடந்தது? தொடக்கத்தில் நிலைமை மோசமாக இருந்த இடங்களில். மேலதிகாரியோ உடன் வேலை செய்பவரோ நேரில் சொன்ன இடங்களில். ஒருமுறையோடு விடாமல் திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களில். வாய்மொழியாகவும் எழுத்தாகவும் சொன்ன இடங்களில். இலக்கு இது, செய்ய வேண்டியது இது என்று சேர்த்துச் சொன்ன இடங்களில். இவற்றில் ஒன்றுகூடத் திரையின் வண்ணத்தையோ வரைபடத்தின் வகையையோ சார்ந்ததல்ல. வட்டார மருத்துவ அலுவலர் மாதம் ஒருமுறை நிலையத்துக்கு வந்து, செவிலியருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இந்த நீலத்தில் யாரையெல்லாம் கூப்பிட்டோம், எத்தனை பேர் வந்தார்கள், கூப்பிட்டும் வராதவருக்கு என்ன தடை என்று கேட்டால், அதுவே அந்த 140 ஆய்வுகளின் சாரத்தைச் செய்துகாட்டுவதாகும்.

திரையையே எல்லோருக்கும் திறந்துவைத்த எடுத்துக்காட்டும் உண்டு. பென் கோல்டேக்ரும் அவர் குழுவினரும் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து 2015இல் தொடங்கிய ஓப்பன்பிரிஸ்கிரைபிங், இங்கிலாந்தின் ஒவ்வொரு குடும்ப டாக்டர் நிலையமும் மாதந்தோறும் என்ன மருந்து எழுதுகிறது என்பதை யாரும் பார்க்கும்படி வைத்தது. நோயாளியின் பெயர் எதுவும் அதில் கிடையாது. சிறுநீர்த் தொற்றுக்கு டிரைமெத்தோபிரிம் பயனிழந்துவருகிறது, நைட்ரோஃபுரன்டாயின் கொடுங்கள் என்று 2014இல் வழிகாட்டுதல் வந்தது. அதே சுற்றறிக்கை எல்லோருக்கும் போயிற்று. சில நிலையங்கள் உடனே மாறின, சில ஆண்டுக்கணக்கில் மாறவில்லை. ஒவ்வொரு நிலையத்தின் கோடும் எந்த மாதத்தில் திரும்பியது என்பதை அந்தத் தரவு காட்டியது. சுற்றறிக்கை அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் எல்லா அலுவலகங்களுக்கும் அந்தக் கோடுகளை அனுப்பிவைக்கலாம்.

மற்றக் குற்றங்களைச் சுருக்கமாகத் தொடுகிறேன். கூறியது கூறல்: ஒரே பிரஷர் அளவை நிலையத்து ரெஜிஸ்டரில் ஒருமுறை, நோயாளியின் நோட்டில் ஒருமுறை, மாநிலச் செயலியில் ஒருமுறை, தேசியத் தளத்தில் ஒருமுறை என்று செவிலியர் எழுதுவது. ஒவ்வொரு மறுபதிவும் ஒரு நோயாளியோடு பேசியிருக்க வேண்டிய நேரத்தைத் தின்கிறது. மாறுகொளக் கூறல் இதன் பிள்ளை. நான்கு இடத்தில் எழுதினால் நான்கு எண்கள் வரும், மீட்டிங்கில் எந்த எண் சரி என்பதிலேயே பொழுது போகும். சென்று தேய்ந்திறுதல்: திட்டப் பணம் இருக்கும் வரை திரை ஒளிரும், சர்வருக்குப் பணம் கட்டுபவர் மாறியதும் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட தேதி ஓராண்டுக்கு முன்பாக நிற்கும். சிம்பிள் செயலியின் நிரல் திறந்த மூலமாக இருப்பது இதற்கு ஓரளவு காப்பு. எடுத்து நடத்த ஆள் இருந்தால் நடத்தலாம்.

மருந்து இருப்பைச் சொல்லாமல் இந்த இலக்கணம் நிறைவு பெறாது. பல மாநில நெறிமுறைகளில் அம்லோடிபின் 5 மி.கி. முதல் மாத்திரை, கட்டுப்படாவிட்டால் டெல்மிசார்ட்டன் சேர்ப்பார்கள். நல்ல டாஷ்போர்டு அவற்றின் இருப்பை அட்டைப் பெட்டிக் கணக்கில் காட்டாது. இப்போது சிகிச்சையில் உள்ளவர்களுக்கு இன்னும் எத்தனை நாளுக்கு வரும் என்று நாள் கணக்கில் காட்டும். கிடங்கில் 20,000 மாத்திரை என்ற தகவல் யாரையும் எழுப்பாது. 11 நாளுக்குத்தான் இருக்கிறது என்றால் மருந்தாளுநர் அன்றே இன்டென்ட் போடுவார். போன் செய்து வரவழைத்தவருக்கு மாத்திரை இல்லை என்று சொல்லி அனுப்பினால், அடுத்த அழைப்பை அவர் எடுக்கமாட்டார்.

தமிழ்நாட்டில் இந்த இலக்கணத்துக்கு ஒரு புதிய இயல் எழுத வேண்டியிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து, மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். டியூடர் ஹார்ட் தனியாளாகச் செய்ததை ஒரு மாநிலம் செய்ய முனைந்திருக்கிறது. ஆனால் மூன்று மாதமாக நிலையத்துக்கு வராதவர் நீலம் என்ற வரையறை, மக்கள் நிலையத்துக்கு வருவார்கள் என்ற எண்ணத்தில் பிறந்தது. இங்கே நிலையம் அவர்களிடம் போகிறது. திண்ணையில் எடுத்த அளவையும் வருகையாகக் கொள்ள வேண்டும். மாத்திரையை வாசலில் வைத்துவிட்டு அளவெடுக்காமல் போனால் அதை வருகையாகக் கொள்ளக் கூடாது, தனியாகக் காட்ட வேண்டும். தன்னார்வலரின் போனில் பதிந்ததும் நிலையத்துச் செவிலியர் பார்ப்பதும் ஒரே ஆளின் ஒரே பதிவாகச் சேர வேண்டும். சேராவிட்டால், வீட்டில் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பலர் திரையில் வராதவராக நிற்பார்கள். செவிலியர் அவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்துகொண்டிருக்கும் அந்த மதியத்தில், பட்டியலில் கீழே இருக்கும் திருப்பூர்க்காரருக்கு அழைப்பு போகாது.